பறங்கிக்காய்க் களியில் நான் துருவிப் போட்ட சீஸ்

1. மாமி கேட்டது

அந்தப் பொய்யை நான் சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, என் வீட்டுச் சமையலறையில், ஒன்பது பெண்கள் முன்னிலையில். அடுப்பில் பறங்கிக்காயும் மக்காச்சோள ரவையும் சேர்ந்து கொதித்துக்கொண்டிருந்தன. என் கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. அதற்குள் துருவிய சீஸ்.

"இந்த சீஸ்ல வேற ஏதாவது சேர்ந்திருக்கா சார்?" என்று வேதவல்லி மாமி கேட்டார்.

"பாலும் உப்பும்தாம்மா. வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

அதில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட் சேர்ந்திருந்தது. பாலைத் திரைய வைக்கும் பொருள் அது. சேர்ந்திருப்பது எனக்குத் தெரியும். மாமி பிறந்தது முதல் முட்டைகூடத் தொடாதவர் என்பதும் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

கேட்டரிங் படிக்கும் பிள்ளைகள் சிலர் என் அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டார்கள். பெரிய விருந்துகளைப் பற்றியும், வந்து போன பிரமுகர்களைப் பற்றியும் எழுதுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கலாம். முப்பத்திரண்டு வருட வேலையில் நான் கற்றுக்கொள்ளாத ஒன்றை ஓய்வு பெற்ற பிறகு இந்த ஊரில்தான் கற்றுக்கொண்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

2. "ப்யூர் வெஜ் சார்"

நான் பிறந்தது காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், கூரத்தில். அப்பா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, அறுப்பு அறுத்துப் பிழைத்தவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தேன். பிறகு சென்னையில் கேட்டரிங் டிப்ளமோ. ஒரு பெரிய ஹோட்டலில் கமீயாக, அதாவது கடைசிப் படியில் இருக்கும் சமையல்காரனாகச் சேர்ந்தேன். போட்ட இடம் இத்தாலியன் செக்‌ஷன்.

முதல் வாரத்திலேயே பஃபேயில் பாஸ்தா கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்க வைத்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் தட்டை நீட்டிவிட்டு, நான் தூவப் போன பார்மெசான் சீஸைக் காட்டி, இது சைவம்தானா என்று கேட்டார். பாடப்புத்தகத்தில் ரென்னட் பற்றிப் படித்திருந்தேன். வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற தலைமை செஃப் என் காலை மிதித்தார். அவரே முன்னால் குனிந்து, "ப்யூர் வெஜ் சார், மில்க்தான்" என்றார். பெரியவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு என்னைக் குளிர் அறைக்குள் கூட்டிப் போய்ப் பேசினார். திட்டவில்லை. அவர் நல்ல மனிதர். எனக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்.

"டேய், கெஸ்ட் உன்கிட்ட தகவலா கேக்கறான்? தைரியம் கேக்கறான். குடுத்துட்டுப் போவியா, பாடம் எடுத்துக்கினு நிப்பியா?"

அது எனக்கு மிகவும் புத்திசாலித்தனமான பேச்சாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு எத்தனை மேஜையில் அதைச் சொல்லியிருப்பேன் என்று நினைவில்லை. கெஸ்ட் போய்விடுவார். மறுபடி அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஹோட்டல் பொய்யில் இருக்கும் சௌகரியம் அது. நாக்கு அதற்குப் பழகிவிட்டது.

3. களி கிண்ட இத்தாலிக்குப் போகணுமா

ஓய்வு பெற்றதும் நானும் என் மனைவி எஸ்தரும் காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில் குடியேறினோம். இரண்டு பக்க வீட்டிலும் தறி. காலையிலிருந்து மாலை வரை சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சும்மா இருக்க முடியாமல் செவ்வாயும் வெள்ளியும் சமையல் வகுப்பு ஆரம்பித்தேன்.

வகுப்பின் விஷயம் எளிமையானது. அந்தந்தப் பருவத்தில் நம் மார்க்கெட்டில் எந்தக் காய் இளசாக வருகிறதோ அதை எடுத்து, கொஞ்சம் சீஸ் சேர்த்து, இத்தாலியில் வீட்டில் சமைப்பதுபோலச் சமைப்பது. இத்தாலியச் சமையல் என்றால் பீட்சா என்று நினைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவேன். அங்கே ஒரு வீட்டில் தினமும் பீட்சா போடுவதில்லை. கத்தரிக்காய் வந்தால் கத்தரிக்காய், பட்டாணி வந்தால் பட்டாணி. மசாலாவில் அதை மூழ்கடிக்க மாட்டார்கள். காய், எண்ணெய், உப்பு, கடைசியில் கொஞ்சம் சீஸ். காய் நன்றாக இருந்தால்தான் சமையல் நன்றாக இருக்கும். அதனால் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போவதுதான் பாதிப் பாடம்.

கார்த்திகையில் பட்டாணி போட்டு ரிசோட்டோ செய்தோம். ஆர்போரியோ என்ற இத்தாலி அரிசிக்குப் பதிலாகப் பச்சரிசி. குழைந்து வரும்போது பொங்கலுக்கும் அதற்கும் அதிக தூரமில்லை என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. தை மாதம் பிஞ்சுக் கத்தரிக்காயை நீளமாக அரிந்து, சுட்டு, தக்காளியும் சீஸும் அடுக்கடுக்காக வைத்து வேக வைத்தோம். பிறகு பறங்கிக்காய் வந்தது. பறங்கிக்காய்க்குப் பொலென்டாதான் பொருத்தம் என்று சொல்லி, மக்காச்சோள ரவையைக் கொதிக்கும் தண்ணீரில் தூவிக் கிண்டிக் காட்டினேன்.

எதிர்வீட்டு சரோஜா, தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம், சட்டென்று பேசுகிறவள். "இது களிதானே சார்? களி கிண்டறதுக்கு இத்தாலி வரைக்கும் போய்ட்டு வந்தீங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தவர் வேதவல்லி மாமி.

மாமி சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வைஷ்ணவக் குடும்பம். கணவர் ராகவாச்சாரியார் கோயில் கோஷ்டியில் உட்கார்ந்து பாசுரம் சேவிக்கிறவர், அதாவது மற்றவர்களோடு சேர்ந்து பாடுகிறவர். வெங்காயம், பூண்டு, முள்ளங்கி எதுவும் அவர்கள் வீட்டுக்குள் வராது. மாமிக்காக வெங்காயமில்லாமல் ஒரு சட்டி தனியாகச் செய்து காட்டுவேன். முதல் நாள் மாமி எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அவருக்கு அது நினைவிருக்காது. எனக்கு நினைவிருக்கிறது. என் அப்பா அவர்கள் தெருக்களில் நெல் மூட்டை இறக்கியவர். அவருக்குத் தண்ணீர் எந்தப் பாத்திரத்தில், எங்கே வைத்துக் கொடுத்தார்கள் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இப்போது சீஸ் விஷயம். கடைகளில் பச்சைப் புள்ளி போட்டு விற்கும் நம் நாட்டுச் சீஸில் கன்றுக்குட்டி ரென்னட் கிடையாது. பூஞ்சையிலிருந்து எடுப்பதைச் சேர்க்கிறார்கள். அதை வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஆனால் என் மகள் இத்தாலியில் நர்ஸ். அங்கிருந்து யார் ஊருக்கு வந்தாலும், அவர்கள் பெட்டியில் ஒரு துண்டு பார்மெசான் வைத்து அனுப்புவாள். கருங்கல் மாதிரி கெட்டியாக, இரண்டு வருடம் பதப்பட்டது. வாயில் போட்டால் நிமிடக்கணக்கில் ருசி நிற்கும். கடைச் சீஸை அதன் பக்கத்தில் வைக்கக்கூட எனக்கு மனம் வராது. "இத மாதிரி சீஸ் காஞ்சிபுரத்துல வேற எந்த வீட்லயும் இல்ல" என்று வகுப்பில் பெருமை அடித்துக்கொள்வேன்.

அந்தப் பெருமையை அடித்து முடித்த நிமிடத்தில்தான் மாமி கேட்டார். உண்மையைச் சொன்னால் மாமி வைத்திருக்கும் தட்டைக் கீழே வைப்பார். இதுவரை இங்கே சாப்பிட்டதெல்லாம் என்ன என்று கேட்பார். மறுபடி இந்தப் படி ஏற மாட்டார். ஒன்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாக்கு தானாக வேலை செய்தது.

4. வாரம் ஒரு டப்பா

அதோடு முடிந்திருந்தால் அதையும் ஹோட்டல் பொய்களோடு சேர்த்து மறந்திருப்பேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு மாமி தயங்கி நின்றார். கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து கரன்ட் வைத்து, அதாவது கதிர்வீச்சு கொடுத்துக் குணமாக்கியிருக்கிறார்கள் என்று அன்றுதான் சொன்னார். நோய் போய்விட்டது. ஆனால் நாக்கில் ருசி போய்விட்டது. எதைக் கொடுத்தாலும் மண் மாதிரி இருக்கிறது என்று ஒதுக்கிவிடுகிறார். அறுபத்தைந்து கிலோ இருந்தவர் நாற்பத்தாறுக்கு வந்துவிட்டார். ரசஞ்சாதம் இரண்டு ஸ்பூன், அவ்வளவுதான் ஒரு வேளைக்கு. இன்னும் இறங்கினால் மூக்கில் குழாய் போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் செய்ததை மாமி வீட்டில் தன் பாத்திரத்தில், தன் அடுப்பில் செய்து பார்த்திருக்கிறார். சுவைத்துப் பார்க்க நான் பொட்டலம் கட்டிக் கொடுத்த கொஞ்சம் சீஸை அதில் போட்டிருக்கிறார்.

"ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்ட்டார் சார். ஆறு மாசத்துல மொத தடவை. இன்னும் இருக்கான்னு கேட்டார்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த சீஸ் வாரா வாரம் கொஞ்சம் தர முடியுமா?"

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு மனிதன் சாப்பிடுகிறான், அதைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. அதனால்தான் அந்தச் சமாதானம் அவ்வளவு நாள் தாங்கியது.

வாரம் ஒரு டப்பா துருவிக் கொடுத்தேன். மாமி டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது சும்மா கொடுக்க மாட்டார். ஒரு நாள் புளியோதரை, ஒரு நாள் தட்டை. ஒரு தரம் பேச்சுவாக்கில், தினமும் அந்தக் களியைப் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணிவிட்டுத்தான் அவருக்குக் கொடுப்பதாகச் சொன்னார். அவர்கள் வீட்டில் சமைக்கும் எதுவும் முதலில் பூஜையில் இருக்கும் பெருமாள் முன் வைத்துப் படைக்கப்படும். அதற்குப் பிறகுதான் மனிதர்கள் சாப்பிடுவார்கள். அதை நான் யோசிக்கவே இல்லை. அன்று புளியோதரை எனக்கு இறங்கவில்லை.

எஸ்தருக்கு முதலிலிருந்தே விஷயம் தெரியும். அவள்தான் மகளிடம் போனில் கேட்டு, அந்தச் சீஸில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டவள்.

"அந்த அம்மா உங்கள நம்பி வாங்கிக்கினு போவுது. நாளைக்கு யார்னா நமக்குத் தெரியாம எதனா கலந்து குடுத்தா நீங்க சும்மா இருப்பீங்களா?" என்றாள்.

"அந்த மனுஷன் பொழைக்கிறான் எஸ்தர்."

"பொழைக்கட்டும். அத சொல்லிட்டு குடுங்க."

5. மாற்றிப் பார்த்தது

எஸ்தர் சொன்னதைச் செய்யும் துணிவு வரவில்லை. அதனால் சமையல்காரன் செய்யும் தந்திரத்தைச் செய்தேன். கடைக்குப் போய்ப் பச்சைப் புள்ளி போட்ட கெட்டிச் சீஸ் வாங்கி, துருவி, அதே டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். யாருக்கும் எதுவும் தெரியாமல் தப்பைச் சரி செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

மூன்றாம் நாள் மாமி போன் செய்தார். கணவர் இரண்டு வாய் வைத்துவிட்டு, என்னவோ குறைகிறது என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டாராம். இரண்டு நாளாக மறுபடி ரசஞ்சாதம்தான். தான்தான் எங்கேயோ பக்குவம் தவறவிட்டதாக மாமி நினைத்துக்கொண்டிருந்தார். உப்பைக் குறைத்துப் பார்த்தேன், வெண்ணெயைக் கூட்டிப் பார்த்தேன், நான் என்ன தப்பு பண்றேன் சார் என்று கேட்டார்.

தப்பு உங்களுடையதில்லை என்று வாய் வரை வந்தது. அடுத்த நாள் காலை பழைய சீஸை எடுத்துத் துருவினேன். ஆட்டோ பிடித்து நானே கொண்டுபோய் வாசலில் கொடுத்தேன். "இது வேற பேட்ச்சும்மா" என்றேன்.

முதல் தடவை நாக்கு பழக்கத்தில் சொன்னது. இந்தத் தடவை ஒரு இரவு முழுக்க யோசித்துச் செய்தேன். என் தவறுகளில் இதுதான் பெரியது. இதற்குச் சாக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

6. பக்கத்து இலை

ராகவாச்சாரியார் ஐம்பத்தொரு கிலோவுக்கு வந்தார். சித்திரையில் ஒரு நாள் காலை கோயிலுக்குப் போய்க் கோஷ்டியில் உட்கார்ந்துவிட்டு வந்தார். குரல் இன்னும் எழவில்லை. உதடு அசைத்தாராம். அது போதும் என்று மாமி சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னைச் சாப்பிட வரச் சொன்னார்கள். எஸ்தரையும் கூப்பிட்டார்கள். அவள், "என்னால அங்க வந்து உக்காந்துக்கினு சிரிக்க முடியாது" என்று வர மறுத்துவிட்டாள்.

கூடத்தில் இரண்டு இலை போட்டிருந்தது. ஒன்று அவருக்கு, பக்கத்திலேயே ஒன்று எனக்கு. அன்றுதான் அவரை முதன்முதலில் நெருக்கத்தில் பார்த்தேன். கன்னம் ஒட்டி, கழுத்துத் தோல் கறுத்து, ஆனால் கண் மட்டும் குறும்பாக இருந்தது. காற்று மாதிரிதான் பேசினார். குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

மாமி சாதத்துக்கு முன்னால் பறங்கிக்காய்க் களியை வைத்தார். மேலே சீஸ். நான் கொடுத்தது.

"சாப்பிடுங்கோ சார். பெருமாளுக்குப் படைச்சாச்சு" என்றார்.

நான் கை வைக்கவில்லை. ராகவாச்சாரியார் அதற்குள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டார். என் பக்கம் திரும்பி, "மாஸ்டர் பரீட்சை வெக்கறார் போலிருக்கு. பயப்படாதே வேதா, பாஸ் பண்ணிடுவே" என்றார்.

"ஐயா, அத சாப்பிடாதீங்க" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ரென்னட் எங்கிருந்து எடுப்பது, எனக்கு எப்போதிலிருந்து தெரியும், நடுவில் ஒரு தடவை மாற்றிக் கொடுத்தது, மறுபடி பழையதையே கொடுத்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று மாதமாகச் சொல்ல முடியாமல் இருந்தது ஐந்து நிமிட விஷயம்.

மாமி கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"அன்னிக்கே கேட்டேனே சார்."

"கேட்டீங்கம்மா."

"தெரிஞ்சேதான் சொன்னேளா?"

"தெரிஞ்சேதான்."

மாமி பூஜை அறைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். ராகவாச்சாரியார் எழுந்து பின்கட்டுக்குப் போனார். வாய் கொப்பளிக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அவருடைய தொண்டைக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது.

"நீங்க கிளம்புங்கோ சார்" என்றார் மாமி. குரலில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை.

7. அவர் வீடு என்ன பண்ணித்து

அன்று மாலையே வகுப்பின் வாட்ஸ்ஆப் குழுவில் எல்லோருக்கும் எழுதினேன். சைவம் சாப்பிடும் நான்கு பேர் அதில் இருந்தார்கள். அவர்களுக்கும் அதே சீஸைத்தான் போட்டிருக்கிறேன் என்று எழுதினேன். சரோஜா ஒரு மணி நேரம் கழித்து, "இன்னா சார் இப்டி பண்ணிட்டீங்க" என்று மட்டும் எழுதினாள். இன்னொரு அம்மா, அந்த மாதிரி வீட்டுக்குப் போய்ச் சமையல் கற்றுக்கொண்டால் இப்படித்தான் ஆகும் என்று ஒரு வரி போட்டார்.

இந்த வரிக்குத்தான் நான் ஆரம்பத்திலிருந்து பயந்துகொண்டிருந்தேன். யாராவது இப்படிச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்துதான் மறைத்தேன். மறைத்ததால்தான் சொல்லும்படி ஆனது. எஸ்தர் போனை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவள் தப்பு எதுவும் செய்யவில்லை. அந்த வரி அவளையும் சேர்த்துத்தான் இருந்தது.

பத்து நிமிடம் கழித்து மாமியிடமிருந்து பதில் வந்தது. எனக்கு இல்லை, அந்த அம்மாவுக்கு. "கேட்டது நான். பொய் சொன்னது அந்த மனுஷர். அவர் வீடு என்ன பண்ணித்து?"

என்மேல் எல்லாக் கோபமும் கொள்ள உரிமை உள்ளவர் அவர் ஒருவர்தான். அந்த நேரத்திலும் கணக்கு டீச்சர், கூட்ட வேண்டியதை மட்டும் கூட்டினார். அந்த அம்மா குழுவிலிருந்து விலகினார். அவரோடு இன்னொருவரும் போனார்.

8. பின்கட்டு வாசல்

நாலாம் நாள் காலை மாமி போன் செய்தார். வீட்டைச் சுத்திகரிக்க வைதிகரை அழைத்துச் சடங்கு செய்தாகிவிட்டது. பாத்திரங்களை மாற்றியாகிவிட்டது. ஆனால் ராகவாச்சாரியார் சாப்பிடவில்லை. கோபத்தினால் இல்லை, இறங்கவில்லை.

"எனக்கு வேற யாரையும் கேக்கத் தெரியல. வந்து என்ன பண்றதுன்னு சொல்லுங்கோ" என்றார்.

போனேன். சமையலறைக்குள் போகவில்லை. பின்கட்டு வாசலில் ஒரு நாற்காலி போட்டுக்கொடுத்தார். அங்கிருந்து பார்த்தால் அடுப்பு தெரியும். நான் சொல்லச் சொல்ல மாமி செய்தார். வாங்கி வந்த ஒவ்வொரு பாக்கெட்டின் பின்பக்கத்தையும் முதலில் உரக்கப் படித்தேன். ரவை பாக்கெட்டில் ரவை என்றுதான் போட்டிருந்தது. அதையும் படித்தேன்.

பதப்பட்ட சீஸின் ருசிக்கு மாற்று என்ன என்று மூன்று நாளாக யோசித்து வைத்திருந்தேன். பறங்கிக்காயைத் தண்ணீரில் வேக வைக்க வேண்டாம், இரும்புக் கல்லில் ஓரம் கறுக்கும்வரை சுடுங்கள் என்றேன். தக்காளியை எண்ணெயில் போட்டுச் சின்னத் தீயில் ஒரு மணி நேரம், சுருங்கி மிட்டாய் மாதிரி ஆகும்வரை விடச் சொன்னேன். பாலை எலுமிச்சை பிழிந்து திரைய வைத்து, வடிகட்டி, உப்புப் போட்டு, துணியில் கட்டி, மேலே கல் வைத்து இறுக்கினோம். பிறகு வெண்ணெய் காய்ச்சி, அடியில் பழுப்பாக நிற்கும் கசண்டைச் சுரண்டி எடுக்கச் சொன்னேன். சின்ன வயதில் சர்க்கரை போட்டுச் சாப்பிடுவோமே, அந்த நெய்க் கசண்டு. அதை அந்தப் புதுச் சீஸோடு பிசைந்து களியில் சேர்த்தார். பெருமாள் முன் வைத்து எடுத்தார். பிறகு அவருக்குக் கொண்டுபோனார்.

ராகவாச்சாரியார் கிண்ணத்தோடு பின்கட்டுக்கே வந்து என் எதிரில் உட்கார்ந்துகொண்டார். ஒரு ஸ்பூன் சாப்பிட்டார்.

"அது மாதிரி இல்லை."

"இல்லைங்க ஐயா. அது மாதிரி வராது."

இன்னொரு ஸ்பூன் எடுத்தார். ஆறு ஸ்பூன் வரை எண்ணினேன். பிறகு கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு காற்றுக் குரலில் சொன்னார்.

"தெரியாமச் சாப்ட்டது தோஷமில்லேன்னு இவ சொல்றா. சரி, எனக்கு அப்போ தெரியாது. பெருமாளுக்கும் தெரியாதுன்னு நான் எப்படிச் சொல்றது?"

அவர் சிரித்த மாதிரி இருந்தது. இருமலாகவும் இருக்கலாம். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கிண்ணத்தில் பாதி மிச்சம் வைத்தார்.

இப்போது அவர் நாற்பத்தொன்பது கிலோ. ஐம்பத்தொன்றுக்குத் திரும்பவில்லை. கோஷ்டிக்குப் போகிறார், கடைசியில் உட்காருகிறார். அந்த இரண்டு கிலோவை நான் என் பொறுப்பில்தான் வைத்திருக்கிறேன். ஆரம்பத்திலேயே உண்மையைச் சொல்லி, ஆரம்பத்திலேயே கசண்டையும் தக்காளியையும் தேடியிருந்தால், அவருடைய நாக்கு அதற்கே பழகியிருக்கும். ஒரு ருசியைக் காட்டிவிட்டுப் பிடுங்கிக்கொண்டது நான்தான்.

9. தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு

ஒருவர் தட்டை நீட்டி, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், அந்த இடத்தில், அந்த நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, விசாரித்துச் சொல்லுங்கள். கெஸ்ட் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார், மேனேஜர் திட்டுவார், வேலை போகக்கூடப் போகலாம். ஆனாலும் அதுதான் சொல்வதற்குச் சுலபமான நேரம். தள்ளிப்போட்டால், அவர் வாயில் கவளம் இருக்கும்போது சொல்ல வேண்டி வரும். எனக்கு அப்படித்தான் வந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மாமி வகுப்புக்கு வந்தார். வருவார் என்று நான் நினைக்கவில்லை. பீர்க்கங்காயும் சுரைக்காயும் வரும் காலம் அது. மேஜைமேல் சீஸ் பாக்கெட்டைப் பிரிக்காமல் வைத்திருந்தேன். மாமி வழக்கமான இடத்தில் நின்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாக்கெட்டை எடுத்தார். முன்பக்கம் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் முழுவதும் படித்தார். படித்துவிட்டுப் பக்கத்தில் நின்ற சரோஜாவிடம் கொடுத்தார். அவள் படித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வகுப்பிலும் அப்படித்தான். அது எனக்கு வலிக்கவில்லை என்று எழுதினால் இன்னொரு பொய் சொன்னதாகும். ஏழு பேர் கையும் மாறி அந்தப் பாக்கெட் கடைசியாக என்னிடம் வருகிறது. வரும்வரை நான் அடுப்பைப் பற்றவைப்பதில்லை.